சங்குமுகத்தில் ஒரு சிவந்த கடல்

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் நம்மவர்க்கு அருங்காட்சியகத் தோட்டம் புதிய இடமன்று. ஊரிலிருந்து உறவினர் வந்தால் காலையில் பத்மநாப சுவாமி கோயில், பகலில் மிருகக்காட்சிச்சாலை, மாலையில் சங்குமுகம் கடற்கரை என்று ஒரு நாளை மூன்றாகப் பங்கிட்டுக் காட்டி அனுப்புவது நம் வழக்கம். மிருகக்காட்சிச்சாலை இருக்கும் அதே தோட்டத்தில்தான் ஓவியக் கூடங்களும் இருக்கின்றன. ஆயினும், புலியைக் காண வேண்டும் என்று குழந்தைகள் கையைப் பிடித்து இழுப்பதால், அவற்றை வெளியிலிருந்து பார்த்துவிட்டு நடந்துவிடுகிறோம். பதினான்கு ஆண்டுகளாக இந்நகரில் வாழும் நாங்களும் அவ்வாறே செய்துவந்தோம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புலியை மறந்து, ஓவியங்களைக் காண்பதற்கென்றே குடும்பத்தோடு புறப்பட்டோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அது எங்களுக்குப் பெருமை தருவதில்லை. எனினும், நம் குடும்பங்கள் சிலவற்றுக்கேனும் பயன்படக்கூடும் என்று கருதி, அதனை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் மகள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். இவ்வூரிலேயே பிறந்தவள். படம் வரைவதில் அவளுக்கு ஆர்வம் மிகுதி. அதனை அறிந்த அவள் தாய்மாமன், சென்ற பொங்கலுக்கு ஒரு பெட்டி தைலவண்ணமும், சட்டத்தில் இழுத்துக் கட்டிய கான்வாஸ் துணிகள் இரண்டும் வாங்கிக் கொடுத்திருந்தார். ஆண்டு விழாவையொட்டி, ‘எங்கள் ஊர்’ என்னும் பொருளில் பிள்ளைகள் படம் தீட்டித் தரலாம் என்று அறிவிப்பு வந்தது. எங்கள் ஊர் சாத்தான்குளத்துப் பக்கம். பனை மரங்களும், கண்ணுக்கெட்டிய தூரம் சிவந்து கிடக்கும் தேரி மணலும், ஊர்க் கோடியில் ஓர் அய்யனார் கோயிலும் உள்ள ஊர். விடுமுறைதோறும் அவளை அங்கு அழைத்துச் சென்றிருக்கிறோம். ஆகவே, அவள் அதனையே தீட்டுவாள் என்று இருந்தோம்.

அவள் தீட்டி முடித்துக் காட்டிய படத்தில் பனையும் இல்லை, கோயிலும் இல்லை. அது சங்குமுகம் கடல். அந்தக் கடலும் நீலமாக இல்லை. செந்நிறமும் காவியும் ஊதாவும் கலந்து, ஒவ்வொரு தீற்றலும் தனித்தனியே தெரிய, வண்ணம் விரற்கடை உயரத்துக்குத் தடித்துக் கிடப்பதுபோல எங்களுக்குத் தோன்றிற்று. ஒரு வாரத்துக்குள் வெள்ளை வண்ணக் குழாய் பாதியாகிவிட்டது.

எங்கள் பணி இரயில் நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில். தந்தையார் மறைந்தபின் கருணை அடிப்படையில் கிடைத்த எழுத்தர் வேலை. படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. மூட்டையின் எடை, உள்ளிருக்கும் பொருள், அது சேர வேண்டிய இடம் ஆகியவற்றை உள்ளது உள்ளபடி எழுதுவதே இவ்வேலை. எழுதியது ஒன்றும் இருப்பது வேறொன்றுமாக இருந்தால், அதற்கு விளக்கம் எழுதியாக வேண்டும். இப்படிப் பழகிய கண் அந்தப் படத்தைப் பார்த்தது. “கடல் சிவப்பா? எங்கள் ஊர் என்றால் நம் ஊர் அல்லவா? வண்ணத்தை இப்படியா பாழாக்குவது? சுரண்டிவிட்டு ஒழுங்காக ஊரைத் தீட்டு” என்று கடிந்துகொண்டோம். அவள் மறுமொழி சொல்லவில்லை. வண்ணம் குழைக்கும் கத்தியை எடுத்துச் சுரண்டினாள். தைலவண்ணம் எளிதில் உலராது. ஆதலால் முழுவதும் வந்துவிட்டது. நூலிழைகளுக்கு நடுவில் ஊறிய சிவப்பு மட்டும் போகவில்லை. அதன்பின் இரண்டு வாரம் அவள் பெட்டியைத் திறக்கவே இல்லை.

“நல்ல படங்களைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவளுடைய பெட்டியையும் எடுத்துக்கொண்டு போவோம்” என்று இல்லத்தரசி சொன்னபோது உடனே இசைந்தோம். உண்மையைச் சொன்னால், எங்கள் உள்ளத்தில் வேறொரு எண்ணமும் இருந்தது. இரவிவர்மாவின் படங்களைக் கண்டால், தூரிகை பட்ட இடமே தெரியாமல் தீட்டுவதே ஓவியம் என்பதை அவள் உணர்ந்துகொள்வாள். நாங்கள் கடிந்துகொண்டது சரிதான் என்பதும் நிலைபெறும் என்று எண்ணினோம்.

தம்பானூரில் பேருந்து ஏறினால் பாளையம் வழியாகச் சிறிது நேரத்தில் அருங்காட்சியகத்தை அடைந்துவிடலாம். மரங்கள் செறிந்த மேட்டில், வண்ணப் பட்டைகள் கொண்ட சுவர்களோடும் செங்குத்தான கூரைகளோடும் நிற்பது நேப்பியர் அருங்காட்சியகம். 1880இல் கட்டி முடிக்கப்பட்ட இதனை வகுத்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தைக் கட்டிய இராபர்ட் சிசோம் என்பவரே. அதே தோட்டத்தில் 1935இல் திறக்கப்பட்டது ஸ்ரீ சித்ரா ஓவியக் கூடம். திருவிதாங்கூரின் கலை ஆலோசகராக இருந்த அயர்லாந்துக் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் இதனை அமைப்பதில் பெரும்பங்கு கொண்டார். இரவிவர்மாவின் ஓவியங்களுக்கென 2023இல் தனியாக ஒரு புதிய கூடமும் இத்தோட்டத்திலேயே திறக்கப்பட்டது. நாங்கள் முதலில் அங்கே நுழைந்தோம்.

இரவிவர்மா 1848இல் கிளிமானூரில் பிறந்தவர். பதினான்காம் வயதில், 1862இல், திருவனந்தபுரத்துக்கு அழைத்து வரப்பட்டார். அக்காலத்தில் இவ்வூர் அரண்மனை ஓவியத்தில் தமிழ்நாட்டார் கை ஓங்கியிருந்தது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. சுவாதித் திருநாள் காலத்திலேயே மதுரையைச் சேர்ந்த அழகிரி நாயுடு அரண்மனையில் புகழ்பெற்ற ஓவியராக விளங்கினார். இரவிவர்மா வந்தபோது இராமசாமி நாயுடு என்பவர் அரண்மனை ஓவியராக இருந்தார். அவர் தம் தொழில் நுட்பத்தை இளைஞருக்குக் கற்பிக்க விரும்பவில்லை என்றும், அவரிடம் பயின்ற ஆறுமுகம் பிள்ளை என்பவரே இரகசியமாகச் சிலவற்றைச் சொல்லிக்கொடுத்தார் என்றும் வரலாறு எழுதியோர் குறிக்கின்றனர். 1868இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் மன்னரைத் தீட்ட வந்தார். அவரும் அருகில் நின்று பார்ப்பதற்கு மட்டுமே இசைந்தார். இவ்வாறு பார்த்துப் பார்த்தே தைலவண்ணத்தைக் கைவரச் செய்துகொண்டவர் இரவிவர்மா. 1873இல் வியன்னா நகரப் பொருட்காட்சியில் அவர் படம் பரிசு பெற்றது.

கூடத்தில் நின்று பார்க்கும்போது வியப்பாகத்தான் இருந்தது. பட்டுப் புடவையின் சரிகை மின்னுகிறது. முத்து முத்தாகவே இருக்கிறது. கன்னத்தின் மென்மையைத் தொட்டுப் பார்க்கலாம் போலத் தோன்றுகிறது. “பார்த்தாயா, தூரிகை பட்ட இடம் எங்கேனும் தெரிகிறதா?” என்று மகளிடம் கேட்டோம். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

அப்போது எங்கள் அருகில் நின்ற முதியவர் ஒருவர் புன்னகை செய்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை. தமிழ்ப் பேச்சைக் கேட்டதும் அவராகவே பேசத் தொடங்கினார். நாகர்கோவிலில் பிறந்தவர். 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணையும்வரை திருவிதாங்கூர்க்காரராகவும், பின்னர் தமிழ்நாட்டுக்காரராகவும், வேலையின் பொருட்டு இங்கு வந்தபின் இரண்டுமாகவும் இருப்பவர் என்று தம்மைப் பற்றி வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார். பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவராம். ஞாயிறுதோறும் இங்கு வருவது வழக்கமாம்.

“தம்பி, தூரிகை மறைந்திருப்பதைச் சொன்னீர்கள். நல்ல கண். ஆனால், இப்போது பட்டுப் புடவையை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள்” என்றார்.

பின்னால் வானமும் மரங்களும் இருந்தன. அதுவரை எங்கள் கண்ணில் அவை படவே இல்லை.

“இரவிவர்மாவுக்குத் தம்பி ஒருவர் இருந்தார். சி. இராஜராஜ வர்மா. 1860இல் பிறந்து, தமையனுக்கு முன்னதாகவே 1905இல் மறைந்துவிட்டார். இருவரும் இந்தியா முழுவதும் சேர்ந்தே சுற்றினார்கள். தமையன் மனிதர்களைத் தீட்டுவார். பின்னணியில் மலையும் மரமும் நீரும் தீட்டுவதில் தம்பிக்கே பெரும்பங்கு. நிலக்காட்சி என்றால் அவருக்கு உயிர். தனியாகவும் பல தீட்டினார். ஆனாலும், உலகம் தமையனுடைய பெயரையே நினைவில் வைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் நிலத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு. அது நாடகத்தில் பின்னால் தொங்கும் திரை” என்றார்.

அவரோடு ஸ்ரீ சித்ரா கூடத்துக்குச் சென்றோம். அங்கே நிக்கொலாய் ரோரிக்கின் இமயமலைகள் இருக்கின்றன. ருசிய நாட்டில் 1874இல் பிறந்து, 1928 முதல் இமயமலைச் சாரலில் குலு பள்ளத்தாக்கில் வாழ்ந்து, 1947இல் அங்கேயே மறைந்தவர் அவர். அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது தைலவண்ணமன்று. டெம்பரா என்னும் பளபளப்பில்லாத வண்ணம். அம்மலைகளைக் கண்டதும் எங்கள் மகள் முதன்முறையாக வாய் திறந்தாள். “தாத்தா, மலை ஊதாவாக இருக்கிறதே” என்றாள்.

“ஆம், மக்களே. அவர் பொய் சொல்லுகிறாரா?”

அவள் சிறிது எண்ணிப் பார்த்து, “விடியற்காலையில் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது” என்றாள்.

பொருளின் நிறம் என்று ஒன்று தனியாக இல்லை. அந்த வேளையின் ஒளி அதன்மேல் பட்டு நம் கண்ணுக்கு வந்து சேரும் நிறமே உண்டு என்பதை ஆசிரியர் விளக்கினார். எங்களுக்குப் புரியும் வகையில், “தம்பி, உங்கள் இரயில் பெட்டியே நண்பகலில் ஒரு நிறம், சாயங்காலம் ஒரு நிறம், மழையில் வேறொரு நிறம் அல்லவா?” என்று கேட்டார். நாள்தோறும் பெட்டிகளைப் பார்க்கும் எங்களுக்கு அதை மறுக்க இயலவில்லை.

பகல் உணவு வேளையாயிற்று. தோட்டத்து மரநிழலில் அமர்ந்து, கொண்டுசென்ற புளிச்சோற்றை அவரோடு பகிர்ந்துகொண்டோம். அங்கே அவர் சொன்னவற்றைச் சுருக்கித் தருகிறோம்.

தைலவண்ணம் என்பது வண்ணப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது. அவ்வெண்ணெய் தண்ணீர்போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி மெல்ல இறுகுகிறது. ஆகவேதான் நாட்கணக்கில் ஈரமாக இருக்கிறது. தடித்துப் பூசினால் உள்ளே இறுகுவதற்கு மாதங்கள் ஆகும். இந்த மெதுவே ஓவியனுக்குக் கிடைத்த வரம். அவன் விரும்பினால் ஓரங்களைத் தேய்த்துத் தேய்த்துத் தூரிகையின் தடமே இல்லாமல் செய்யலாம். விரும்பினால் வெண்ணெய்போலத் தடித்து வைத்து, தூரிகை மயிரின் ஒவ்வொரு கோடும் அப்படியே நிற்குமாறும் செய்யலாம். இரவிவர்மா முன்னதைச் செய்தார்.

முற்காலத்தில் குழைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்களாம். வெளியே கொண்டுசெல்வது தொல்லை. 1841இல் ஜான் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர் தகரக் குழாயைக் கண்டுபிடித்தார். அதன்பின் ஓவியர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்கும் கடற்கரைக்கும் செல்வது எளிதாயிற்று. வெளியே சென்றால் ஒளி காத்திருக்காது. பொழுது மாறுமுன் தீட்டியாக வேண்டும். எனவே தேய்த்து மெழுகுவதற்கு நேரமில்லை. தீற்றல்கள் தீற்றல்களாகவே நின்றன. இரவிவர்மா வியன்னாவில் பரிசு பெற்றதற்கு அடுத்த ஆண்டு, 1874இல், பாரிசு நகரில் மோனே முதலியோர் இத்தகைய படங்களைக் காட்சிக்கு வைத்தபோது, ‘இவை முடிக்கப்படாத படங்கள்’ என்று பலர் எள்ளி நகையாடினர். பின்னர் வந்த வான் கோ ஒரு படி மேலே சென்றார். சைப்பிரசு மரத்தைத் தீச்சுடர்போல மேலெழும் தீற்றல்களாலும், வானத்தைச் சுழலும் தீற்றல்களாலும் தீட்டினார். 1890இல், முப்பத்தேழாம் வயதில், அவர் மறைந்தபோது அவரை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

“தீற்றல் என்பது கையெழுத்து, தம்பி. ஊரிலிருந்து அம்மா எழுதும் கடிதத்தை அச்சடித்துக் கொடுத்தால் செய்தி வந்துவிடும். ஆனால், அவர்கள் கை நடுங்கியது அச்சில் தெரியுமா?” என்றார் ஆசிரியர்.

எங்களிடம் அத்தகைய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய உள்ளன. கைப்பேசி வந்தபின் யாரும் எழுதுவதில்லை. ஆயினும் பழையவற்றை இன்றும் எறிய மனம் வந்ததில்லை. அவர் சொன்னதன் பொருள் அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

பின்னர் அவர் எங்களைக் கே. சி. எஸ். பணிக்கரின் கூடத்துக்கு அழைத்துச் சென்றார். அதே தோட்டத்தில் அவர் படங்களுக்கென்று தனியாக அமைந்த கூடம் அது. பணிக்கர் 1911இல் நம் கோயம்புத்தூரில் பிறந்தவர். சிறுவயதிலேயே நிலக்காட்சிகளைத் தீட்டத் தொடங்கினார். குடும்பச் சூழ்நிலையால் தந்தித் துறையிலும் பின்னர்க் காப்பீட்டு நிறுவனத்திலும் வேலை பார்த்தார். அவ்வேலையை விட்டுவிட்டு, 1936இல், இருபத்தைந்தாம் வயதில், சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌதுரியிடம் மாணவராகச் சேர்ந்தார். 1957இல் அப்பள்ளிக்கே தலைவரானார். 1966இல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் என்னும் ஓவியர் கிராமத்தை நிறுவினார். 1977இல் சென்னையிலேயே மறைந்தார். மலையாளக் குடும்பத்துப் பிள்ளை தமிழ்நாட்டில் பிறந்து, தம் முன்னோர் நாட்டு நீர்வழிகளையும் தென்னந்தோப்புகளையும் தீட்டினார். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் கேரளத்தில் பிறந்து வளர்வதை நாளும் காணும் நமக்கு, இச்செய்தி எதிரில் வைத்த கண்ணாடிபோலத் தோன்றவில்லையா?

அவருடைய தொடக்க கால நிலக்காட்சிகளில் தூரிகை ஒளியவில்லை. தென்னங்கீற்று ஓர் இழுப்பு, நீரின் பளபளப்பு ஓர் இழுப்பு என்று கை விரைந்து சென்ற வழி தெரிகிறது. 1954இல் இலண்டன், பாரிசு முதலிய நகரங்களைக் கண்டு திரும்பியபின் வண்ணத்தில் மேலும் துணிவு கொண்டார். 1963 முதல் எழுத்துகளையும் குறியீடுகளையும் கொண்டு அவர் தீட்டிய வரிசையே அவருக்குப் பெரும்புகழ் ஈட்டியது. அவ்வரிசை எங்கள் அறிவுக்கு முழுதும் எட்டவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவரின் கை இவ்வளவு விடுதலையோடு ஓடியிருக்கிறது என்பதே, பார்சல் அலுவலகத்தில் இருக்கும் எங்களை நெடுநேரம் அங்கு நிறுத்திவைத்தது.

கூடத்தைவிட்டு வெளியே வந்தபோது ஆசிரியர் மகளின் பெட்டியையும் கான்வாசையும் கவனித்தார். சுரண்டப்பட்ட துணியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நூலிழைகளுக்குள் சிவப்பு ஒரு புகைபோல நின்றது.

“இதில் என்ன இருந்தது, மக்களே?”

“கடல், தாத்தா. சங்குமுகம்.”

“ஏன் சுரண்டினாய்?”

அவள் எங்களைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். நாங்களே நடந்ததைச் சொன்னோம்.

அவர் எங்களைக் குறை கூறவில்லை. அவளிடம், “கடலுக்கு ஏன் சிவப்பு வைத்தாய்?” என்று மட்டும் கேட்டார்.

“அப்பா தேரியைப் பற்றி எப்போதும் சொல்லுவார்கள். அங்கே சாயங்காலம் மணல் முழுவதும் சிவப்பாக எரியும். சங்குமுகத்திலும் பொழுது சாயும்போது கடல் அதே சிவப்பாகிவிடும். இரண்டும் ஒரே ஊர்போல இருக்கும். அதனால்தான் வைத்தேன்” என்றாள்.

எங்களுக்குப் பேச நா எழவில்லை. ‘எங்கள் ஊர்’ என்ற படத்தில் எங்கள் ஊர் இல்லையே என்று கடிந்து, அவளைக்கொண்டே சுரண்டச் சொன்னது எங்கள் ஊரைத்தான். இல்லத்தரசி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சிறிது நேரம் கழித்து ஆசிரியர் சொன்னார்: “தம்பி, நிலத்தை வெறும் நிலமாகப் பார்ப்பது நம் வழக்கமே இல்லை. நெய்தல் என்றால் கடற்கரை, அதனோடு எற்பாடு என்னும் பொழுது சாயும் வேளை, அதனோடு இரங்கல். இடமும் பொழுதும் நெஞ்சும் சேர்ந்தால்தான் திணை. இதைப் பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். தைலவண்ணம் வெளிநாட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம். இந்தப் பிள்ளை அதை வைத்துச் செய்தது நம் வீட்டுக் காரியம்தான்.”

விடைபெறுமுன் அவர் மகளுக்குச் சில தொழில் முறைகளைச் சொல்லிக்கொடுத்தார். நம் பிள்ளைகளுள் தூரிகை பிடிப்போர்க்குப் பயன்படும் என்று அவற்றை இங்கே எழுதுகிறோம். முதலில் கண்ணைப் பாதி மூடிப் பார்க்க வேண்டும். அப்போது இலைகளும் அலைகளும் மறைந்து, வெளிச்சமும் நிழலுமாகிய பெரும் பகுதிகளே தெரியும். அவற்றையே முதலில் இட வேண்டும். முதற்பூச்சு டர்ப்பன்டைன் கலந்து மெல்லியதாகவும், மேற்பூச்சு எண்ணெய் மிகுந்து தடித்ததாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பின்னாளில் வெடிக்கும். தீற்றல் பொருளின் இயல்பைப் பின்பற்ற வேண்டும். கிடக்கும் நீருக்குக் கிடையாகவும், நிமிர்ந்த மரத்துக்கு நெடுக்காகவும், சாயும் கீற்றுக்குச் சாய்வாகவும் கை செல்ல வேண்டும். குழாயிலிருந்து வரும் பச்சையை அப்படியே பூசினால் கேரளத்து மரங்கள் பாசிபோல ஆகிவிடும். அதில் அதன் எதிர்வண்ணமாகிய சிவப்பைக் கடுகளவு சேர்த்தால் அடங்கும். நீலத்துக்குக் காவியும், மஞ்சளுக்கு ஊதாவும் எதிர்வண்ணங்கள். அருகருகே வைத்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும், குழைத்தால் ஒன்றையொன்று அடக்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வைத்த தீற்றலைத் திரும்பத் திரும்பத் தொடலாகாது. ஈர வண்ணத்தை மூன்று முறை கிளறினால் சேறுதான் மிஞ்சும். மழைக்காலத்தில் இவ்வூர் ஈரத்தில் வண்ணம் உலரத் தாமதமாகும், துணியில் பூஞ்சையும் பிடிக்கும். ஆகவே படத்தைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் காற்றாட வைக்க வேண்டும்.

மாலை ஐந்து மணிக்குச் சங்குமுகம் சேர்ந்தோம். பத்மநாப சுவாமி ஆறாட்டுக்கு எழுந்தருளும் கடற்கரை இது. கானாயி குஞ்ஞிராமன் வடித்த பெரிய கடற்கன்னிச் சிலை ஒருபுறம் சாய்ந்து கிடக்கிறது. விமான நிலையம் அருகிலேயே இருப்பதால் அவ்வப்போது தலைக்குமேல் இரைச்சல். நாங்கள் இவ்வூருக்கு வந்தபோது பரந்து கிடந்த மணலை அண்மை ஆண்டுகளில் கடல் பெரிதும் அரித்துவிட்டது. எஞ்சிய மணலில் இடம் பார்த்து அமர்ந்தோம். மகள் சுரண்டிய அதே துணியை மடியில் வைத்துக்கொண்டாள். புதிய துணி ஒன்று இருக்கிறதே என்றோம். “இதுவே போதும், அப்பா” என்றாள்.

மேற்குக் கடற்கரையில் வாழ்வோர்க்கு ஒரு பேறு உண்டு. எங்கள் ஊர்ப்பக்கத்துக் கடலில் கதிரவன் எழுவான். இங்கே கடலில் இறங்குகிறான். இறங்கியபின் வெளிச்சம் நெடுநேரம் நிற்பதில்லை. அவள் விரைந்து வேலை செய்தாள். அடியில் ஊறியிருந்த பழைய சிவப்பைச் சில இடங்களில் மூடாமலேயே விட்டாள். அதன் அருகில் நீலமும் ஊதாவும் கிடைத் தீற்றல்களாக விழுந்தன. நாங்கள் காற்றுக்கு மறைவாகக் குடை பிடித்தோம். கேட்டால் விளக்குத் துணியை எடுத்துக் கொடுத்தோம். சொல்லுவதற்கு ஒன்றும் இல்லை; பார்ப்பதற்கு நிறைய இருந்தது. பதினான்கு ஆண்டுகளில் எத்தனையோ முறை வந்து சுண்டல் தின்றுவிட்டுத் திரும்பிய கடற்கரை. அன்றுதான் அக்கடலை நாங்கள் முழுதாகப் பார்த்தோம். நீலம் அதில் மிகக் குறைவாகவே இருந்தது.

சுரண்டிய படம் திரும்ப வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புதியது வேறு படம். முன்னதைவிட அமைதியானது, சிவப்பும் குறைவு. முன்னதில் இருந்த ஏதோ ஒரு துணிவு இதில் இல்லையோ என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அதற்கு யார் பொறுப்பு என்பதும் எங்களுக்குத் தெரியும்.

இருட்டியபின் படத்தைக் கையில் ஏந்திக்கொண்டு எழுந்தோம். காற்றில் வந்த மணல் ஈர வண்ணத்தில் ஆங்காங்கே ஒட்டியிருந்தது. வான் கோ 1882இல் ஆலந்து நாட்டு ஷெவனிங்கன் கடற்கரையில் புயற்காற்றில் நின்று தீட்டிய படத்தில் அன்றைய மணல் துகள்கள் இன்னும் இருக்கின்றன என்று ஆசிரியர் பகலில் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆயினும் பழைய வழக்கம் விடவில்லை. “மணலைத் தட்டிவிடட்டுமா?” என்று கேட்டோம்.

“இருக்கட்டும், அப்பா. நம் ஊர் மணல்தானே” என்றாள்.

அன்பர்களே, ஓவியக் கூடங்கள் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். புறப்படுமுன் நேரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. அடுத்த முறை ஊரிலிருந்து உறவினர் வரும்போது, புலியைக் கண்டபின் ஒரு மணி நேரத்தை இப்படங்களுக்கும் ஒதுக்குங்கள். நும் பிள்ளைகள் வீட்டில் தீட்டும் கடல் எந்த நிறமாயினும், ஏன் அந்த நிறம் என்று முதலில் அவர்களைக் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.